நாற்பத்தொன்று

ஏழு ஐம்பதுக்கு நான் வருவேன்.
எட்டு இருபதுக்கு அவள் போவாள்.
நடுவில் கிடக்கும் அரைமணி நேரம்தான்
திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் குடித்தனம்.

நான் செட்டூபலில் படகு இயந்திர அறை ஆள்.
தியோலிந்தா மருத்துவமனையில் இரவுத் தாதி,
தொண்ணூறு கிலோ மீனவர்களை
ஒற்றை ஆளாய்ப் புரட்டிப் படுக்க வைப்பவள்.
அவள்தான் சொன்னாள்:
"ஐம்பது தாண்டினால் சதை, அபீலியு,
வாடகை பாக்கியை வைத்துவிட்டு
இரவோடு இரவாகக் காலி செய்கிற ஆள்.
புரதம் போட்டுப் பிடித்து வை."

பிடித்து வைக்கலாம்.
அடுப்புக்கு எத்தனை நிமிடம் கொடுப்பது?
முதல் வாரம் ஆசைப்பட்டு
முழுக்கோழி ஒன்றை வாட்டினேன்.
கோழி வெந்தபோது பேருந்து போயிருந்தது,
அவளும் அதில் போயிருந்தாள்.
இரண்டு தட்டு, ஒரு வாய்.
உப்பு சரியாக இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு கணக்குப் போட்டேன்:
பன்னிரண்டு நிமிடம் சமையல்,
பதினெட்டு நிமிடம் அவள் முகம்.

தண்ணீர் தளதளக்கிறது. நான்கு முட்டை, ஒன்பது நிமிடம்.
அதற்குள் வெங்காயம், பொடிசாக.
கண் எரிந்தால் எரியட்டும், துடைக்க நேரமில்லை.
புட்டியில் வெந்தே வருகிற கொண்டைக்கடலை,
அலசி, உதறி.
மத்தி டப்பா இரண்டு.
மூடியைச் சுருட்டும்போது மெல்லிய மூச்சொன்று விடும்,
வேலை முடித்துக் காலணி கழற்றுகிறவர்போல.
ஆலிவ் எண்ணெய் அதிலேயே இருக்கிறது, கொட்டாதீர்கள்.

மத்தியில் இருபது, முட்டையில் பன்னிரண்டு,
கடலையில் ஒன்பது.
"நாற்பத்தொன்று" என்று தட்டை வைப்பேன்,
மார்க் ஷீட் நீட்டும் பையன்போல.
"கிராமா?"
"கிராம்தான்."
"வினிகர்?"
மறந்திருப்பேன்.

வியாழன் மட்டும் சிவப்புப் பருப்பு.
பத்து நிமிடத்தில் பருப்பு குழைந்துவிடும்,
அவள் குழையமாட்டாள்.
இரண்டு கரண்டி தயிர் ஊற்றிச் சமாதானம் செய்வேன்.

பதினெட்டு நிமிடத்தில் பெரிதாக என்ன பேசிவிடப் போகிறோம்?
ஒழுகும் குழாய். ஏழாம் படுக்கைக்காரரின் கால்.
லக்ஸம்பர்க்கில் இருக்கும் மகன்
ஞாயிறன்று கூப்பிடவில்லை என்பது.
சில நாள் அதுவும் இல்லை,
கடலையைக் குத்தி எடுக்கும் முள்கரண்டிச் சத்தம்தான்.

எங்கள் ஆற்றின் பெயர் சாது.
பெயரில் மட்டும்.
நவம்பரில் ஒருநாள் பனிமூட்டம் இறங்கி
ஏழே முக்காலுக்குக் கரை சேர வேண்டிய படகு
எட்டு மணிக்கும் நடு ஆற்றில் ஊதிக்கொண்டு நின்றது.
சிற்றுண்டிக் கடை ஸுல்மீரா ஒன்றும் கேட்கவில்லை,
ஒரு டப்பா மத்தி, பாதி ரொட்டி,
காலையில் அவித்து மீந்த இரண்டு முட்டை,
காகிதத்தில் சுற்றி நீட்டினாள்.

வீட்டுக்குப் போகவில்லை, நிறுத்தத்துக்கு ஓடினேன்.
எட்டு பதினாறு.
சீருடைமேல் கோட்டோடு நின்றிருந்தாள்.
பெஞ்சு நனைந்திருந்தது, உட்கார்ந்தோம்.
டப்பா அவள் முழங்காலில்,
ரொட்டியே கரண்டி.
கையில் கிரீஸா மீன் எண்ணெயா, பிரிக்க முடியவில்லை.
பேருந்து வந்து கதவு திறந்தது.
ஓட்டுநர் சில்வேரியு எங்களைப் பார்த்தார்,
பிறகு துடைத்த கண்ணாடியையே
திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்றைக்குப் பதினாறுதான்" என்றேன், வெட்கமாக.
வாய் நிறைய முட்டையோடு அவள் சொன்னாள்:
"நம் பள்ளிக்கூடத்தில் இருபதுக்குத்தானே மார்க்?
பதினாறு நல்ல மார்க்."

அன்றிரவு ஏழாம் படுக்கைக்காரர்
அரைத்தூக்கத்தில் கேட்டாராம்,
"கடல் வாசனை வருகிறதே, கரைக்கு வந்துவிட்டோமா?"
"இல்லை, அது என் சாப்பாடு" என்று சொல்லி
அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாளாம்,
ஒரே தூக்கில்.